போலோவுக்கு சஸ்பென்ஷன் மாற்றப் போய் நான் பட்டது

எங்கள் ரப்பர் ஷீட் காயப்போடும் புரையின் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு சாக்கும் கிடக்கின்றன. பெட்டிக்குள் நான்கு சிவப்பு ஸ்பிரிங். சாக்குக்குள் துருப்பிடிக்க ஆரம்பித்த ஒரு செட் காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்த விலை 1,16,000 ரூபாய். அதை மாட்டிய கூலி, அதனால் தேய்ந்த டயர், அதனால் வளைந்த வீல் எல்லாம் தனி. அப்பா ஷீட் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சாக்கைக் காலால் நகர்த்தி வைப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். இதை யாராவது ஒருவர் முன்னாடியே உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் ஒன்றரை வருடமும் மிச்சமாகியிருக்கும். அதைவிட, 2023 ஜூனில் ஒரு சாயங்காலம் நான் பயந்த பயம் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வண்டி 2016 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேடிக். 2021 டிசம்பரில், 38,000 கி.மீ. ஓடிய நிலையில் இரண்டாவது ஓனராக வாங்கினேன். அந்த வண்டி மேல் எனக்குப் பல வருட ஆசை. வீடு வேர்கிளம்பிப் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். வாரத்தில் மூன்று நாள் காரில் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் எழும்புவதற்கு முன்னால் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை வரைக்கும் ஒரு ஓட்டம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் வளைந்து வளைந்து போகும் ரோடு. அந்த ரோட்டை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும், அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன ரோடு.

இன்ஜினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வளைவில்தான் மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், முன்பக்கம் நான் நினைத்த கோட்டை விட்டு வெளியே போகப் பார்க்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் இரண்டு தடவை குதித்துத்தான் அடங்கும். ஃபோக்ஸ்வேகன் 2010-ல் இந்தியாவில் தொடங்கிய போலோ கப் பந்தய வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதே போலோதான், தரையோடு ஒட்டிக்கொண்டு ஆணி அடித்த மாதிரித் திரும்பும். அதற்கும் என் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது என்று முடிவே பண்ணிவிட்டேன். அவை பந்தயத் தளத்துக்கென்று செய்த வண்டிகள், ஓடுவது மழமழவென்ற தாரில், போட்டிருப்பது பந்தய டயர். இந்த மூன்றையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

2022 ஏப்ரலில் வெளியூரில் ஒரு கடையில் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். ஸ்பிரிங் 24,000, கூலி 5,000. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஸ்டாக் ஷாக்கே தாங்கும் சார், நூறு வண்டிக்குப் போட்டாச்சு" என்றார் அந்தக் கடைக்காரர். கழற்றிய பழைய ஸ்பிரிங்கை என்ன செய்ய என்று கேட்டார், இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் 15,000 ரூபாய் கொடுத்தேன். வண்டியிலிருந்து கழற்றுகிற எதையும், ஒரு நட்டைக்கூட, கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் இடம் இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலாவது போட்டு வையுங்கள்.

முதல் வாரம் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். வண்டி பார்க்க அழகாக இருந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினவுடன் மூக்கு சட்டென்று திரும்பியது. இரண்டாவது வாரம் குடும்பத்தோடு திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்குப் போனோம். அழகியமண்டபத்துக்கு வேறு வேலையாகப் போய்விட்டு அங்கிருந்து கோவிலுக்கு வந்த ரோடு, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு முதுகெலும்பு மாதிரி இருக்கும். வண்டி ஒவ்வொரு ஒட்டிலும் தலையாட்டிக்கொண்டே வந்தது. கோவில் வாசலில் இறங்கினதும் ஐந்து வயது மகள் வாந்தி எடுத்தாள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, இனி எனக்கு பஸ்ஸு போதும். ஒனக்க வண்டியில வந்தா எனக்க நடு ஒடியும்" என்றாள். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆபீஸ் கதவில் மேலே ஒரு டோர் குளோசர் இருக்குமே, அதற்குள்ளும் ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். ஸ்பிரிங் வலுவாகவும் எண்ணெய் அடக்கும் விசை குறைவாகவும் இருந்தால் கதவு படாரென்று அடிக்கும். என் வண்டியில் நடந்தது அதுதான். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி செய்தது, அதுவும் 38,000 கி.மீ. ஓடிக் களைத்தது. அதன் மேல் கடினமான ஸ்பிரிங்கை ஏற்றினால் அது திமிறி மேலே வருவதை அந்த ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாது. இன்னொன்று, ஷாக் ராடில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் நுரைக் கட்டை இருக்கும், வண்டி முழுக்க அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க. 35 மி.மீ. தாழ்த்தினவுடன், வண்டி சும்மா நிற்கும்போதே அந்தக் கட்டைக்கு அருகில் போய்விடுகிறது. வளைவில் சாயும்போது வெளிப்பக்க முன்சக்கரம் அந்தக் கட்டையில் போய் முட்டும். முட்டின நொடியில் அந்த மூலை கல்லாகிவிடும், டயர் பிடி விட்டு முன்பக்கம் வெளியே போகும். அதாவது எந்தக் குறையைத் தீர்க்க 29,000 செலவழித்தேனோ அதே குறை கூடிவிட்டது.

மூன்றாவது ஒரு விஷயம் உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், உள்பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழாகச் சரிந்து நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ரொம்பத் தாழ்த்தினால் அந்த ஆர்ம் கிடையாகி, பிறகு எதிர்ப்பக்கமாகச் சரியும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பது ஸ்ட்ரட் வண்டியில் ஓரளவுக்குத்தான் உண்மை. அந்த அளவைத் தாண்டினால், கடினமான ஸ்பிரிங்கில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும்.

அந்த ஆடி மாதம் திருநெல்வேலிக்குப் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்தது. அந்த இடத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், முப்பந்தல் காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். வண்டி ஒரு கோட்டில் நிற்கவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளினால் அது இரண்டு தள்ளு போகிறது, நான் திருத்தினால் மறுபக்கம் ஓடுகிறது. காவல்கிணறு தாண்டும்வரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன், உள்ளங்கை நனைந்துவிட்டது. திரும்பி வந்து நாகர்கோவிலில் அலைன்மெண்ட் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஸ்பிரிங் போட்ட கடையில் அலைன்மெண்ட் செய்யவே இல்லை, நானும் கேட்கவில்லை. வண்டியின் உயரம் மாறினால் டோ மாறும், அதாவது சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்; கேம்பரும் மாறும், அதாவது சக்கரத்தின் தலை சாயும் கோணம். மாற்றின அன்றைக்கே ஒரு தடவை, ஸ்பிரிங் படிந்தபிறகு ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு தடவை அலைன்மெண்ட் பார்த்தே ஆகவேண்டும். அந்த அச்சடித்த தாளைக் கையில் வாங்கி வையுங்கள். "சரியாயிருக்கு" என்ற வாய் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்தப் பாடத்துக்கு இரண்டு முன் டயர் போனது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு உள்விளிம்பைத் தடவினால் கம்பி கையில் குத்துகிறது. ஆகஸ்டில் புது டயர் இரண்டு வாங்கி முன்னால் போட்டேன், 13,000. பின்னால் பழசே கிடந்தது. இந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அக்டோபரில் முன் ஷாக் ஒன்று எண்ணெய் கக்கியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். செலவழித்த பணத்தை விட மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. அந்த நினைப்புதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. 2023 ஜனவரியில் காயில்ஓவர் வாங்கினேன். உயரம் மாற்றலாம், ஒரு திருகியால் ஷாக்கின் கடினத்தை முப்பது படி, அதாவது முப்பது கிளிக், மாற்றலாம். 92,000, கூலி 9,000. வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன். மனைவியிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

காயில்ஓவர் கெட்ட பொருள் இல்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ ஓட்டுகிறவருக்கு அது தேவை. எங்கள் ரோட்டில் ஓட்டும் எனக்கு என்ன தேவை என்று நான் யோசிக்கவில்லை. முப்பது கிளிக் இருக்கிறதே என்று இருபத்தைந்துக்குத் திருகி வைத்தேன். கடினமாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நம்பினேன். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து மேடு பள்ளத்தில் நடக்கும் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் மடங்கி மடங்கிப் போகும், குடம் ஆடாது, பாதம் தரையை விட்டு எழும்பாது. முழங்காலை விறைத்துக்கொண்டு நடந்தால் குடமும் விழும், காலும் தடுக்கும். ரோடு மோசமாக இருந்தால் மென்மையான சஸ்பென்ஷன்தான் டயரைத் தரையில் வைத்திருக்கும். கடினமாக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் ஒரு கண நேரம் காற்றில் நிற்கும், காற்றில் நிற்கும் டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. காயில்ஓவர் வைத்திருப்பவர்கள் மென்மையான முனையிலிருந்து தொடங்குங்கள். ஒரே ரோட்டில், ஒரே டயர் காற்றில், இரண்டு கிளிக் இரண்டு கிளிக்காகக் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரையைத் திருகி உயரம் மாற்றுவது வேறு, கிளிக் வேறு என்பதுகூட எனக்கு முதல் மாதம் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம். வாரக்கடைசியில் முட்டம், குளச்சல் என்று கடற்கரைக்குப் போகிற பழக்கம் எங்களுக்கு. உப்புக்காற்று அந்த மரையில் ஏறி, ஐந்தாவது மாதம் லாக் நட் திரும்ப மறுத்துவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் மாட்டும்போதே மரைக்கு கிரீஸ் தடவி ஒரு உறை போட்டுவிடுங்கள், கழுவும்போது அந்த இடத்தில் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

மார்ச்சில் பின்பக்கத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர் பார் போட்டேன், 18,000. போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு சக்கரமும் ஒரே குறுக்குச் சட்டத்தில் இருக்கும். அதில் கூடுதல் பார் பூட்டினால் பின்பக்கச் சாய்வு குறையும், முன்சக்கரம் இழுக்கும் வண்டியின் முன்பக்கம் வெளியே போகும் குணமும் குறையும். இது உண்மை, காய்ந்த ரோட்டில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் எப்படிக் குறைகிறது? பின் டயரின் பிடியில் கொஞ்சத்தைப் பிடுங்கித்தான் முன்னும் பின்னும் சமமாகிறது. அதை நான் மழையில் தெரிந்துகொண்டேன்.

2023 ஜூன் முதல் வாரம், மழை தொடங்கின நேரம். பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்கு இறங்கி வருகிறேன். சாயங்காலம் ஐந்தரை, தூறல், தனியாக இருந்தேன். வேகம் ஐம்பதுக்குள்தான். ஒரு வலது வளைவு, உள்ளே போனபிறகு கொஞ்சம் வேகம் கூடுதலோ என்று தோன்றி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் கழன்றது மாதிரி வெளியே போனது. கண்ணாடி வழியாக ரோடு குறுக்கே ஓடுகிறது, ரப்பர் மரத்தின் தூர்களில் பால் வடியும் சிரட்டைகள் வரிசையாக என் முன்னால் போகின்றன. அதைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை, சிரட்டை மேல் பாலிதீன் மறைப்புகூட ஞாபகம் இருக்கிறது. வண்டி முக்கால் சுற்று சுற்றி, பின் இடது சக்கரம் ஓரக்கல்லில் அடித்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை, கால் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்காது, எதிரிலிருந்து ஒரு பைக் வந்தது. அப்பா, அம்மா, நடுவில் ரெயின்கோட்டுக்குள் ஒரு குழந்தை. அந்த மனிதர் நிறுத்தி, "ஒண்ணும் பற்றலியே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன், பேச்சு வரவில்லை. அவர்கள் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்ற நினைப்பில் அந்த மாதம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் பஞ்சர் என்று சொன்னேன்.

வீல், பின்பக்க பேரிங், பம்பர் என்று 21,000 ஆனது. இன்சூரன்ஸ் கேட்கவில்லை. கேட்கப் பயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். சர்வேயர் கீழே குனிந்து பார்த்தால் காயில்ஓவரும் பாரும் முதல் பார்வையில் தெரியும். பொருள் வாங்கும்முன் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே உயரத்தில் அதே வேலை செய்யும் பாகம் போடுவது ஒன்று, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறொன்று. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

பிறகுதான் தக்கலைப் பக்கம் ஒரு ஆசானிடம் போனேன். வயது அறுபதுக்கு மேல், பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நான் ஸ்பிரிங் ரேட், கிளிக் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் பின் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் அழுக்கைத் துடைத்தார். டயர் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 1916 என்று இருந்தது. 2016-ன் பத்தொன்பதாவது வாரம். ஏழு வருட டயர். பட்டன் இருந்தது, ஆனால் நகத்தை அழுத்தினால் பதியவில்லை. "முன்னால உள்ளது எப்ப மாத்தின?" என்றார். பத்து மாதம் என்றேன். "நல்லத முன்னால போட்டு, செத்தத பின்னால போட்டு, அதுக்கு மேல ஒரு கம்பியும் பூட்டியிருக்க. மழையில அது நிக்குமாடே?" என்றார். இரண்டு டயர்தான் மாற்ற முடிகிறது என்றால் புதியதைப் பின்னால் போட வேண்டும். முன்சக்கர வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினால் சாதாரண மனிதனால் பிடிக்க முடியாது. எனக்கு டயர் விற்ற கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

பிறகு வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் மூட்டான பின் புஷ்ஷில் லிவரைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். ரப்பர் உள்வளையத்தைச் சுற்றி பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது, வாய் திறந்து மூடுகிற மாதிரி. அதை ஜனவரியில்தான் புதிதாகப் போட்டது, ஆறு மாதம் ஆகவில்லை. கழற்றிய புஷ்ஷை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பெருவிரலால் அழுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் ரப்பரோடு இருந்த கை. "இது பழகிக் கெட்டதில்ல மக்கா. ரப்பர் நல்ல ரப்பர்தான். திருகிக் கிழிஞ்சிருக்கு, வேட்டியப் பிழியிறது போல" என்றார். ஆசானும் அதையேதான் சொன்னார். ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டி வார்த்தது, அது சுற்றாது, முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கினால், கீழே இறக்கி வண்டி தன் எடையில் நிற்கும்போதே புஷ் முறுக்கிப் பிழிந்த நிலையில் நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு பள்ளமும் அதைக் கிழிக்கும். போல்ட்டை லிஃப்டில் லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று எடை ஏறியபிறகு, அந்த உயரத்தில்தான் கடைசி முறுக்கு. பின் பீம் புஷ்ஷுக்கும் இதே கணக்கு. உங்கள் மெக்கானிக் எப்படி இறுக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தொங்கவிட்டே இறுக்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. 2021-ல் வாங்கும்போதே டயருக்கு ஐந்து வயது கடந்திருந்தது, ஷாக் களைத்திருந்தது, ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் மவுண்ட் நசுங்கியிருந்தது. வளைவில் நான் பார்த்த குறை முழுக்க அதிலிருந்து வந்ததுதான். என் போலோ புதிதாக இருந்தபோது எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, தெரியாமலேயே அதைத் திருத்தப் போனேன். "பழசு நல்லா இருக்கான்னு பாக்காம புதுசு எதுக்குடே போட்ட?" என்று ஆசான் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு, காசு வேண்டாம். டயர் தேதியைப் பாருங்கள். ஷாக்கில் எண்ணெய் ஒட்டித் தூசி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக் வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் டை ராடு. நின்ற இடத்தில் ஒருவரை ஸ்டியரிங் சுற்றச் சொல்லி, நீங்கள் முன் ஸ்பிரிங்கில் கை படாமல் காது கொடுங்கள். டங் என்று ஸ்பிரிங் துள்ளினால் டாப் மவுண்ட் பேரிங் போய்விட்டது. சிறு சிறு பள்ளத்தில் மட்டும் டொக் டொக் என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் லிங்க் ராடு. இத்தனையும் சரியாக இருந்தபிறகுதான் மேம்படுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகஸ்டில் எல்லாவற்றையும் கழற்றினோம். நான்கு கம்பெனி ஸ்பிரிங் புதிதாக வாங்கினேன், 15,000. நான்கு டயரும் ஒன்றாக, ஒரே பிராண்டு, கம்பெனி அளவான 185/60 ஆர்15, நல்ல ஈரப் பிடிப்பு உள்ளது, 27,000. புஷ், டாப் மவுண்ட், பேரிங், லிங்க் ராடு, பம்ப் ஸ்டாப் எல்லாம் சேர்த்து 19,000. ஷாக்கில் மட்டும் என் ஆசைக்கு ஒரு இடம் கொடுத்தேன், கம்பெனி உயரத்துக்கென்றே செய்த மோனோட்யூப் வாயு ஷாக், நான்கும் 62,000. பில்ஸ்டைன் மாதிரி கம்பெனிகள் இதில் இரண்டு வகை வைத்திருப்பார்கள், பி6 என்றால் ஸ்டாக் உயரத்துக்கு, பி8 என்றால் தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி குட்டையானது. பெயர் தெரியாமல் வாங்கினால் மாறிப்போகும். கூலியும் அலைன்மெண்டும் 11,000. மொத்தம் 1,34,000. வீணாய்ப் போனது அதற்கு முன்னால் 1,82,000. மனைவியிடம் அன்றைக்கு ராத்திரி பில் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, ஜூனில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சுற்றியதை ஏன் சொல்லவில்லை என்றுதான் அழுதாள்.

வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்றால், சாய்வு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒரே தடவை சாய்ந்து அங்கேயே நிற்கிறது, அதன்பின் அசைவதில்லை. மேம்பால இணைப்பில் ஒரே தட்டு, முடிந்தது. பேச்சிப்பாறை ரோட்டில் வளைவின் நடுவில் பள்ளம் வந்தாலும் கோடு மாறுவதில்லை. நான் ஆசைப்பட்ட உணர்வில் முக்கால் பங்கு டயரிலும் புஷ்ஷிலும் அலைன்மெண்டிலும் கிடைத்துவிட்டது, மீதி ஷாக்கில். யாராவது என்னிடம் கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன்: முதலில் டயர், பிறகு தேய்ந்ததெல்லாம் புதிதாக, பிறகு அலைன்மெண்ட், ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து அப்புறமும் குறை தெரிந்தால் ஷாக். ஸ்பிரிங் கடைசி. அதுவும் ஷாக்கோடு சேர்த்துத்தான், நம்மூர் வேகத்தடைகளைப் பார்த்துவிட்டு. பின் பாரை நான் திரும்பப் போடவில்லை, மழை வருடத்தில் இரண்டு பருவமும் பெய்யும் ஊரில் எனக்கு அது வேண்டாம்.

பின் பீம் புஷ் மட்டும் அன்றைக்கு மாற்றவில்லை, நன்றாக இருக்கிறது என்று ஆசான் விட்டுவிட்டார். இப்போது வண்டி 80,000-ஐத் தொடுகிறது, இடது பக்கம் லேசாக வெடிப்பு தெரிகிறது. சாமான் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார், அந்தப் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குவதை நேரில் பார்க்க வேண்டுமாம்.